மானுக்குச் செய்த துப்பாக்கி

டில்லி, நொய்டா, குர்காவ்ன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் போதும், ராம்நகருக்கு வண்டி கிளம்பிவிடும். கார்பெட் பார்க்கில் ஜீப்பில் ஒரு சுற்று, காலாடுங்கியில் ஜிம் கார்பெட் வாழ்ந்த வீட்டில் இருக்கும் மியூசியம், அப்படியே நைனிடால். புலி கண்ணில் படுகிறதோ இல்லையோ, கார்பெட் கதை இரண்டாவது கேட்டுவிட்டு வருவோம்.

அந்த மியூசியத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஆள்கொல்லிப் புலியைச் சுட எவ்வளவு பெரிய துப்பாக்கி வேண்டும்?" நம் மனதிலும் யானை சுடும் பீரங்கி போல ஏதோ ஒன்றுதான் இருக்கும். ஆனால் கார்பெட்டின் பெயரோடு சேர்த்து உலகம் நினைவில் வைத்திருக்கும் துப்பாக்கி, லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். ஏறக்குறைய மூன்றேகால் கிலோ. அந்த வகைத் துப்பாக்கி புலிக்காகப் பிறந்தது அல்ல. மலையில் மானைப் பின்தொடர்ந்து போய்ச் சுடுபவர்கள் தேடித் தேடி வாங்கியது.

மானுக்கான துப்பாக்கி ஏன் இலகுவாக இருக்க வேண்டும்? அது எப்போது, எப்படி இலகுவானது? இதைத் தேடிப் போனால் ஸ்காட்லாந்து, பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா, நம் நீலகிரி என்று சுற்றி, கடைசியில் குமாவூனுக்கு வந்து சேர்கிறது கதை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் துப்பாக்கி சுட்டதில்லை. வேட்டைக்கு வக்காலத்து வாங்கவும் இதை எழுதவில்லை. இருபது வருட வங்கி உத்தியோகத்தில் எனக்குத் தெரிந்த துப்பாக்கி எங்கள் கிளைகளில் காவலர்கள் வைத்திருந்த பன்னிரண்டு போர் துப்பாக்கி மட்டும்தான். காலையில் வலது தோளில் இருக்கும். மதியம் இடது தோளுக்கு மாறும். சாயங்காலம் அதைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். மூன்று கிலோ என்பது பில்லில் ஒரு எண். தோளில் அது வேறு.

மரமில்லாத காடு

மான் வேட்டையில் பல விதம் உண்டு. நம் ராஜாக்களும் துரைமார்களும் ஆடியது பெரும்பாலும் ஆட்களை விட்டு மிருகத்தை விரட்டி வரச் செய்து, மேடையிலிருந்தோ யானை மேலிருந்தோ சுடுவது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் வளர்ந்த முறை வேறு. மலைச்சரிவில் மேயும் செம்மானைத் தொலைநோக்கியால் கண்டுபிடித்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, மணிக்கணக்கில் சுற்றி நடந்து, கடைசி நூறு இருநூறு கஜத்தை ஈரச் சேற்றில் வயிற்றால் ஊர்ந்து கடந்து ஒரே ஒரு குண்டு போடுவது. காலை புறப்பட்டால் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஏற்ற இறக்கம் சாதாரணம்.

இந்த மான் நிலங்களை அங்கே 'மான் காடு' என்றே சொல்வார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலான இடத்தில் மரமே இருக்காது. வேட்டைக்கு ஒதுக்கிய நிலம் என்பதுதான் அதன் பொருள். அந்த நிலம் எப்படிக் காலியாயிற்று என்பது ஊரைவிட்டு வந்து பிழைக்கும் நமக்குச் சட்டென்று புரியக்கூடிய கதை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, குத்தகைக் குடியானவர்களைவிட ஆட்டுமந்தை அதிக வாடகை தரும் என்று நிலச்சுவான்தார்கள் கணக்குப் போட்டார்கள். ஊர் ஊராக மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சதர்லாந்து எஸ்டேட்டில் 1807 முதல் 1821 வரை இது நடந்தது. 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் மக்கள் திரும்பி வந்து குடியேறாதபடி வீடுகளின் கூரைகளைக் கொளுத்தினார்கள். மக்கள் கடற்கரைக்கும், கிளாஸ்கோவுக்கும், கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள்.

பிறகு அதே ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கம்பளியும் இறைச்சியும் மலிவாக வந்து இறங்க, ஸ்காட்லாந்து ஆட்டுக்கு விலை விழுந்தது. மான் வேட்டைக்கோ கிராக்கி ஏறிக்கொண்டிருந்தது. விக்டோரியா ராணியும் ஆல்பர்ட் இளவரசரும் 1848இல் பால்மோரலைக் குத்தகைக்கு எடுத்து, 1852இல் விலைக்கே வாங்கிவிட்டார்கள். ராணி போகும் இடத்துக்குப் பணக்காரர்கள் போகாமல் இருப்பார்களா? ரயிலும் வந்தது. ஆடு போய் மான் வந்தது. முதல் உலகப்போருக்கு முந்தைய வருடங்களில் மான் காடுகளின் பரப்பு 35 லட்சம் ஏக்கர் வரை விரிந்திருந்தது. மண் அதேதான், வாடகைப் பதிவேட்டில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான்.

அங்கே வேட்டைக்கு வரும் விருந்தாளி துப்பாக்கியைச் சுமப்பதில்லை. உள்ளூர் வழிகாட்டி வேட்டைக்காரர் அதைக் கேன்வாஸ் உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னே போவார். கடைசி ஊர்தலில்தான் உறையை அவிழ்த்து விருந்தாளி கையில் கொடுப்பார். சுட்ட மானைக் கீழே இறக்குவது குதிரைக்காரன் வேலை. அதனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் துரைமார்கள் விரும்பியது இரட்டைக்குழல் 'எக்ஸ்பிரஸ்' ரைஃபிள். நான்கு கிலோ பக்கம். சுமப்பவர் வேறு ஆள் என்பதால் எடையைப் பற்றிப் புகார் சொல்ல யாருமில்லை.

புகையில்லாத மருந்து

ஆனால் எடைக்கு ஆள் மட்டும் காரணமில்லை, மருந்தும் காரணம். பழைய கருமருந்து எரிந்தால் பாதிக்குமேல் கரியும் உப்புமாகத் திடப்பொருளாகவே மிஞ்சும். வேகம் கிடைக்காது. வேகம் இல்லாததால் பெரிய குண்டு, பெரிய குண்டுக்கு அகலமான குழல், அகலக் குழலுக்குக் கனமான இரும்பு. சுட்டதும் வெள்ளைப் புகை மேகம் எழும்பி மானையே மறைத்துவிடும்.

1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். இரண்டே வருடத்தில், 1886இல், பிரெஞ்சு ராணுவம் 8 மில்லிமீட்டர் லெபெல் ரைஃபிளை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு 11 மில்லிமீட்டர் சாதாரணம். பிரிட்டன் 1889இல் தன் பங்குக்குக் கார்டைட் என்ற மருந்தைச் செய்தது.

இந்தக் கார்டைட் பெயரைக் குன்னூர்ப் பக்கம் போனவர்கள் கேட்டிருப்பீர்கள். ஊட்டி ரயில் அருவங்காட்டில் நிற்கும்போது தெரிகிற அந்தத் தொழிற்சாலை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மருந்தைத் தயாரிக்கவே அங்கே நிறுவப்பட்டது. மலைக்காற்றும் தண்ணீரும் நீலகிரியை நினைவூட்டும் நம் எல்லோருக்கும், துப்பாக்கி இலகுவான கதையில் நம் ஊருக்கும் ஒரு சிறு வேடம் உண்டு என்பது புதுச் செய்தியாக இருக்கலாம்.

புது மருந்தால் குண்டு சிறியதாயிற்று, வேகம் கூடியது, தோட்டா மெலிந்தது, குழலும் மெலிந்தது. ஜெர்மனியின் மவுசர் கம்பெனி 1890களின் தொடக்கத்தில் 7 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றை வடிவமைத்தது. ஸ்பெயின் ராணுவம் 1893இல் அதை ஏற்றது. அதைச் சுடும் துப்பாக்கியில் ஒரே குழல், கையால் இழுத்துத் தள்ளும் போல்ட், ஐந்து தோட்டா கொள்ளும் அறை. எளிமையானது, உறுதியானது.

மகர்ஸ்ஃபான்டைன் தந்த பாடம்

அந்தத் தோட்டாவின் அருமையை ஸ்காட்லாந்துக்காரர்கள் கடைக்குப் போய்த் தெரிந்துகொள்ளவில்லை. தென்னாப்பிரிக்காவின் போயர் குடியரசுகள் 1890களில் 7 மில்லிமீட்டர் மவுசர்களைப் பல்லாயிரக்கணக்கில் வாங்கி வைத்திருந்தன. போயர் விவசாயிகளோ சிறு வயதிலிருந்து குதிரையில் போய் மான் சுட்டு வளர்ந்தவர்கள். 1899 டிசம்பர் 11 அன்று மகர்ஸ்ஃபான்டைனில், குன்றின் அடிவாரத்தில் பதுங்குகுழி வெட்டி அவர்கள் காத்திருக்க, விடியும் நேரத்தில் நெருங்கி வந்தது ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவு. தளபதி வாக்கப் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் விழுந்தார்கள். சுட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கப் புகையும் இல்லை.

அடுத்த மாதமே லவட் பிரபு தன் பகுதி மான் வேட்டை வழிகாட்டிகளைத் திரட்டி ஒரு வேவுப் படை அமைக்க முன்வந்தார். 1900இல் பிறந்த 'லவட் ஸ்கவுட்ஸ்' அதுதான். வருடம் முழுக்க அடுத்தவர் துப்பாக்கியைச் சுமந்து, தொலைநோக்கியில் மலையைத் துழாவிய அந்த மனிதர்களின் திறமை அப்போதுதான் ராணுவத்துக்குத் தெரிந்தது. முதல் உலகப்போரில் அதே படையிலிருந்து குறிபார்த்துச் சுடுவோர் பிரிவு உருவானது.

லண்டனில் ஜான் ரிக்பி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். அரசின் என்ஃபீல்ட் ஆயுதத் தொழிற்சாலைக்கு 1887 முதல் 1894 வரை தலைமை வகித்தவர், அதனால் புது மருந்தின் நாடி தெரிந்தவர். 1898இல் மவுசரின் ஏஜென்சியை அவர் கம்பெனி எடுத்தது. மவுசர் இயந்திரத்தை வாங்கி, நேர்த்தியான வால்நட் கட்டை போட்டு, நன்றாகக் குறிபார்த்துச் சரிசெய்து விற்றது. 7 மில்லிமீட்டரை அங்குலத்தில் சொன்னால் ஏறக்குறைய .275. ஜெர்மன் தோட்டா இங்கிலீஷ் பெயரோடு '.275 ரிக்பி' ஆனது. 140 கிரெயின், அதாவது 9 கிராம் குண்டு. ஏழு, ஏழரை பவுண்டு துப்பாக்கி. ஸ்காட்லாந்து மலைக்கு இதைவிடப் பொருத்தமானது அன்று அதிகமில்லை. ஆஸ்திரியாவின் 1903 மாடல் மான்லிக்கர் ஷோனவர், 6.5 மில்லிமீட்டர், இதற்கு நேர்ப் போட்டி.

எடையைக் குறைத்தால் என்ன செலவு?

வணிகவியல் படித்தவனுக்கு எந்த லாபத்துக்கும் எதிர்ப்பக்கம் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. துப்பாக்கி இலகுவானால் என்ன நஷ்டம்?

முதலாவது உதை. குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தோளில் இடிக்கிறது. அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டால் உதையின் ஆற்றல் இரண்டு மடங்காகும். உதைக்குப் பயந்தவர் விசையை அழுத்தும்போதே கண்ணைச் சிமிட்டுவார், குறி தவறும். குறி தவறினால் மான் சாகாது, காயத்தோடு ஓடி எங்கோ வதைபடும்.

இரண்டாவது நடுக்கம். மூச்சிரைக்க மலையேறிப் படுத்தவரின் கையில் கனமான குழல் சீக்கிரம் அடங்கும். இலகுவானது நெஞ்சுத் துடிப்போடு சேர்ந்து ஆடும். மூன்றாவது சூடு. மெல்லிய குழல் இரண்டு மூன்று குண்டுக்குள் சூடாகி, குறி இடம் மாறலாம். நான்காவது, எடைக்காகக் குழலை வெட்டிக் குட்டையாக்கினால் குண்டின் வேகம் குறையும், சத்தம் கூடும்.

ஆகவே 'எவ்வளவு இலகு' என்பதைவிட 'எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு இலகு' என்பதே சரியான கேள்வி. .275இன் வெற்றி இங்கேதான். குண்டு மிதமானது, மருந்து மிதமானது, அதனால் மூன்றேகால் கிலோவிலும் உதை தாங்கும்படி இருந்தது. பின்னாளில் பெரிய மேக்னம் தோட்டாக்களை இன்னும் மெலிந்த துப்பாக்கியில் போட்டவர்களுக்குத் தோள்வலிதான் மிச்சம். இன்னொரு பக்கம், எடின்பரோ பக்கத்தில் பிறந்த டபிள்யூ.டி.எம். பெல் இதே தோட்டாவால் ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றார். இலகுவான துப்பாக்கி நல்லதையும் இலகுவாக்கும், கெட்டதையும் இலகுவாக்கும்.

குமாவூனில்

இனி கார்பெட்டுக்கு வருவோம். 1907இல் சம்பாவத் புலியைக் கொன்றபோது அவரிடம் .275 இல்லை. நேபாளத்தில் 200 பேர், குமாவூனில் 236 பேர், மொத்தம் 436 உயிர்களைப் பலிகொண்டதாகச் சொல்லப்பட்ட புலி அது. கனமான .500 துப்பாக்கியோடு போனார், மூன்றே தோட்டாக்கள், அவை தீர்ந்ததும் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிச் சுட்டு முடித்தார். அதைப் பாராட்டி ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹியூவெட் பரிசாகக் கொடுத்ததுதான் ரிக்பி .275. கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் அந்த விவரம் இருக்கிறது.

பரிசு கொடுத்தவர் மானுக்கோ மலையாட்டுக்கோ என்று நினைத்துக் கொடுத்திருக்கலாம். கார்பெட் அதை ஆள்கொல்லிகளுக்கும் எடுத்துப்போனார். கனமான .450/400 இரட்டைக்குழலும் அவரிடம் இருந்தது. ஆனால் அவர் யானை மேல் ஏறிப் போகிற வேட்டைக்காரர் அல்ல. தனியாக, கால்நடையாக, நாள் முழுக்க மலைப்பாதையில் அலைபவர். துப்பாக்கியைச் சுமந்தவர் அவரேதான்.

அதன் பலன் 1930 ஏப்ரல் 11 அன்று தெரிந்தது. அரசுக் கணக்கில் 64 பேரைக் கொன்றிருந்த சௌகர் பெண்புலியைத் தேடிக் காலா ஆகர் பக்கம் போயிருந்தார். வழியில் கிடைத்த பக்கிக்குருவி முட்டை இரண்டை இடது கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, வறண்ட ஓடையில் பெரிய பாறை ஒன்றைச் சுற்றி இறங்கினார். வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் எட்டடியில் புலி. துப்பாக்கி வலது கையில், குழல் எதிர்ப்பக்கம் பார்த்தபடி. ஒரே கையால், அசைவதே தெரியாதபடி, முக்கால் வட்டம் சுற்றிக் கொண்டுவந்து, கையை முழுக்க நீட்டியபடியே சுட்டார். புலி அங்கேயே சாய்ந்தது.

தனக்குப் பாதகமாகத் தோன்றிய மூன்று விஷயங்கள்தான் தன்னைக் காப்பாற்றின என்று பிறகு அவரே எழுதினார். அதில் ஒன்று கையில் இருந்த முட்டை. அது இல்லாவிட்டால் இரண்டு கையாலும் சடக்கென்று திரும்பியிருப்பார், புலி பாய்ந்திருக்கும். இன்னொன்று அன்று எடுத்துப்போனது இலகுவான துப்பாக்கி என்பது. ஐந்து கிலோ இரட்டைக்குழலை ஒரு கையால் நீட்டிப் பிடிக்க யாரால் முடியும்?

ஆனால் இதே கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டுக்குள் போன குமாவூன் பெண்களின் கையில் இருந்தது அரிவாள். லண்டன் துப்பாக்கியின் எடை எவ்வளவு என்று அவர்கள் கவலைப்படும் நிலையில் இல்லை. ஸ்காட்லாந்தில் குடியானவர் வெளியேறிய மலையில் மான் துப்பாக்கி வளர்ந்தது. இங்கே குடியானவர் இருந்த மலையில் அது அவர்களுக்கு எட்டாமலே இருந்தது.

இன்று

இந்தியாவில் இந்தக் கதை 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. மறு வருடம் ப்ராஜெக்ட் டைகர் தொடங்கப்பட்டது கார்பெட் பெயர் தாங்கிய பூங்காவிலேயே. 1947இல் கென்யாவுக்குக் குடிபெயர்ந்த கார்பெட் 1955இல் அங்கேயே காலமானார். அவருடைய .275, புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகத்திடம் பல காலம் இருந்தது. ரிக்பி கம்பெனியே 2015இல் அதை வாங்கி, 2016இல் ஒருமுறை காலாடுங்கிக்குக் கொண்டுவந்து காட்டியது.

ஸ்காட்லாந்தில் கதை முடியவில்லை. ஓநாய் அழிந்து முந்நூறு வருடம் போல ஆகிறது. மான்களைக் கட்டுப்படுத்த வேறு மிருகம் இல்லை. எல்லா வகை மானும் சேர்த்துப் பத்து லட்சம் பக்கம் என்பது அரசு மதிப்பீடு. நட்ட மரக்கன்றையெல்லாம் அவை மேய்ந்துவிடுவதால், அரசே சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்து எண்ணிக்கையைக் குறைக்கிறது. 2023இல் ஆண்மானுக்கு இருந்த தடைக்காலத்தையே நீக்கிவிட்டார்கள். இன்றைய வேட்டை ஊழியர், துருப்பிடிக்காத எஃகும் பிளாஸ்டிக் கட்டையும் உள்ள ரைஃபிளைத் தானே சுமக்கிறார். தொலைநோக்கியும் சத்தம் குறைக்கும் குழாயும் மாட்டினால் அதுவும் நான்கு கிலோவைத் தொட்டுவிடும் என்பது வேறு விஷயம். சுமப்பவரும் சுடுபவரும் ஒரே ஆள் என்பதால், கடையில் இப்போது முதலில் கேட்கப்படும் கேள்வி எடை.

அடுத்த முறை காலாடுங்கிக்குப் போகும்போது மியூசியத்தோடு திரும்பிவிடாதீர்கள். சோட்டி ஹல்துவானி கிராமத்தைச் சுற்றிக் கார்பெட் கட்டிக் கொடுத்த கல்சுவர் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னும் இருக்கிறது. மானும் காட்டுப்பன்றியும் பயிரை மேயாமல் இருக்கக் கட்டியது. பிள்ளைகளைக் கொஞ்ச தூரம் அதன் ஓரமாக நடக்கச் சொல்லுங்கள். துப்பாக்கி லண்டனுக்குப் போய்விட்டது. குடியானவர்களுக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சுவர்.